மேல்வீட்டில் நாற்காலி இழுத்தால் என் சுவரில் ஃபோம் ஒட்டலாமா?

கேள்வி: நான்கு மாதம் முன்பு ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில் வீடு வாங்கினோம். பார்க்க வந்த இரண்டு முறையும் பகல் நேரம். ஒரு சத்தமும் இல்லை. குடிவந்த பிறகுதான் தெரிகிறது. மேல்வீட்டில் இரவு பதினொரு மணிக்கும் நாற்காலி இழுக்கிறார்கள், பிள்ளைகள் ஓடுகிறார்கள். பக்கத்து வீட்டில் ராத்திரியானால் டிவி. கூடவே 'தும் தும்' என்று ஓர் அதிர்வு. என் மனைவிக்குத் தூக்கமே போய்விட்டது. படுக்கையறைச் சுவர் முழுக்க ஃபோம் ஒட்டினால் சரியாகிவிடும் என்கிறார் இன்டீரியர் செய்பவர். ஒட்டலாமா, புகார் கொடுக்கலாமா? வாடகை வீடு என்றால் காலி செய்துவிட்டுப் போயிருப்போம்.

பதில்: ஒட்ட வேண்டாம். அந்தப் பணத்தைப் பத்திரமாக வையுங்கள். அதில் ஒரு சிறு பங்கை மேல்வீட்டுக்காரருக்காகச் செலவழிக்கச் சொல்லப்போகிறேன். கேட்க எரிச்சலாகத்தான் இருக்கும்.

முதலில் ஃபோம். அறைக்குள் எழும் ஒலி சுவரில் மோதித் திரும்பாமல் அதை உறிஞ்சிக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை. ஒலிப்பதிவுக் கூடத்தில் அதை ஒட்டுவது உள்ளே பாடுகிறவரின் குரல் எதிரொலி இல்லாமல் பதிய வேண்டும் என்பதற்காக. வெளிச்சத்தத்தை நிறுத்த அதனிடம் கனமே இல்லை. முட்டை அட்டை ஒட்டுவதும் இதே கதைதான். சத்தத்தைத் தடுக்க முக்கியமாக மூன்று வழி உண்டு: கனம் கூட்டுவது, சந்து பொந்து இல்லாமல் அடைப்பது, அதிரும் பொருளுக்கும் உங்களுக்கும் உள்ள தொடுப்பை அறுப்பது. உங்களுக்கு எது தேவை என்பது எந்தச் சத்தம் என்பதைப் பொறுத்தது. நீங்கள் ஒரே தொல்லையாக எழுதியிருப்பது உண்மையில் மூன்று.

டிவிப் பேச்சு காற்று வழியாக வருவது. பக்கத்து வீட்டில் காற்று அதிர்ந்து, சுவரை லேசாக ஆட்டி, இந்தப் பக்கக் காற்றை அதிர வைக்கிறது. இருபுறமும் பூசிய நாலரை அங்குலச் செங்கல் சுவர் சத்தத்தை ஏறக்குறைய 45 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறைக்கும். அங்கே 75 என்றால் இங்கே 30. உலக சுகாதார நிறுவனம் 1999-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், படுக்கையறைக்குள் தொடர்ந்து வரும் சத்தத்துக்குச் சொன்ன வரம்பும் இதே 30தான். ஆக, சுவர் ஒழுங்காக இருந்தால் வசனம் புரியும் அளவுக்குக் கேட்கக் கூடாது. வார்த்தை வார்த்தையாகப் புரிகிறதா? அப்படியென்றால் எங்கேயோ ஓட்டை. சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மீதிச் சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் மொத்தக் குறைப்பு 20 டெசிபலைத் தாண்டாது. இரு வீட்டு சுவிட்ச் பெட்டிகள் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும் இடம், ஏசி குழாய்க்குத் துளைத்த துளை, ஜன்னல் சட்டத்தைச் சுற்றிய விரிசல், கதவின் அடிச்சந்து: இவற்றை ஒரு நாள் நிதானமாகத் தேடுங்கள். கெட்டியாகி உடையாத சீலன்ட்டால் அடையுங்கள். செலவுக்கு இவ்வளவு பலன் தரும் வேலை உங்கள் பக்கத்தில் வேறில்லை.

'தும் தும்' வேறு ரகம். டிவியின் ஸ்பீக்கரிலிருந்து வரும் மிகத் தாழ்ந்த ஒலியாகத்தான் அது பெரும்பாலும் இருக்கும். 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 முறை அதிரும் ஒலியின் ஓர் அலை கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம். அதன் முன் இரண்டங்குல ஃபோம் எம்மாத்திரம்? சுவரின் கனத்தை இரட்டிப்பாக்கினாலும் கிடைப்பது 5, 6 டெசிபல்தான். காதுக்குச் சத்தம் பாதியாகத் தோன்ற 10 வேண்டும். அதே நேரம் அந்த ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்தால் போதும். அறை மூலையில் இருந்தால் தாழ்ந்த ஒலி பெருகும். பொதுச் சுவரை விட்டுத் தள்ளி, தடித்த ரப்பர் மெத்தை மேல் வைத்தால் கணிசமாகக் குறையும். பல டிவிகளிலும் சவுண்ட்பார்களிலும் 'நைட் மோட்' உண்டு. வெடிச்சத்தத்தை அடக்கிப் பேச்சை உயர்த்தும். இத்தனையும் செய்ய வேண்டியவர் பக்கத்து வீட்டுக்காரர்.

மூன்றாவதுதான் உங்களை எழுத வைத்தது: நாற்காலியும் ஓட்டமும். இது காற்றில் பிறக்கவே இல்லை. நாற்காலிக் கால் தளத்தை நேராகத் தட்டுகிறது. கான்கிரீட் தளம் முழுவதும் அதிர்கிறது. உங்கள் வீட்டுக் கூரை அதன் அடிப்பக்கம். கூரையோடு நிற்காமல் நான்கு சுவரிலும் இறங்கும். ஃபால்ஸ் சீலிங் போட்டால் தீருமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வெறும் ஜிப்சம் பலகையைக் கம்பியில் தொங்கவிட்டால் பெரிதாக எதுவும் மாறாது. அதிர்வு தாங்கும் ரப்பர் கொக்கி, உள்ளே கனிமப் பஞ்சு, அதன்கீழ் இரண்டு அடுக்குப் பலகை, விளிம்பில் சுவரைத் தொடாத சந்து என்று முறையாகச் செய்தால் குறையும்; ஆனாலும் சுவர் வழி இறங்குவது அப்படியே இருக்கும். மாறாக, மேல்வீட்டுத் தரையில் ஒரு தடித்த விரிப்பு போட்டால், நாற்காலிக் கால்களில் ஃபெல்ட் (அடர்ந்த கம்பளித் துணி) வில்லை ஒட்டினால், தட்டல் பிறக்கும் இடத்திலேயே குறைந்துவிடும். அதிர்வு ஒரு முறை கான்கிரீட்டுக்குள் புகுந்துவிட்டால் துரத்திப் பிடிப்பது கஷ்டம்.

உங்கள் வீட்டுச் சத்தத்துக்கான மலிவான, நல்ல மருந்து இப்படி அடுத்தவர் வீட்டில் இருக்கிறது. சாவியும் அவர்கள் கையில். அதனால்தான் முதல் வாரமே புகார் எழுதுவதை நான் ஆதரிப்பதில்லை. அது நியாயமா என்பது வேறு விஷயம். பலிக்காது என்பதுதான் என் கவலை.

மேலே ஏறுவதற்கு முன் இன்னொன்று. சத்தம் உண்மையில் அங்கிருந்துதான் வருகிறதா? கட்டட உடம்பு வழியாக வரும் ஒலிக்குத் திசை கிடையாது. என்னிடம் வந்த ஒருவர் ஆறு மாதம் மேல்வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார். ராத்திரி 'டொக்' என்று இடிக்கிறார்களாம். போய்ப் பார்த்தால், குழாய் வால்வு சட்டென்று மூடும்போது தண்ணீர் முட்டுகிற சத்தம். குழாய்க்கு இரண்டு கிளாம்ப் போட்டதும் நின்றது. பேச்சுவார்த்தையைச் சரிசெய்யத்தான் அதைவிட அதிக நாள் ஆனது. 1853-ல் லண்டனில் எழுத்தாளர் தாமஸ் கார்லைல், அக்கம்பக்கத்துச் சேவல்களும் பியானோவும் பொறுக்காமல் வீட்டு உச்சியில் இரட்டைச் சுவரோடு சத்தம் புகாத அறை ஒன்றைக் கட்டத் தொடங்கினார். கட்டி முடித்த பிறகு வீட்டிலேயே அதிகச் சத்தம் கேட்ட அறை அதுதான் என்று ஆயிற்று. வழி தெரியாமல் செலவு செய்தால் இன்றைக்கும் அதுதான் நடக்கிறது.

ஆகவே இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறியுங்கள். தேதி, நேரம், என்ன சத்தம், எவ்வளவு நேரம், யார் எழுந்தார்கள். போன் ஆப் காட்டும் டெசிபல் எண்ணை யாரிடமும் சாட்சியாக நீட்டாதீர்கள், பல டெசிபல் பிழை இருக்கும். ஆனால் அதே போனில் முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பிறகு பேசப் போங்கள். சத்தம் கேட்கும்போது அல்ல, மறுநாள் பகலில். வாட்ஸ்அப் குரூப்பில் கண்டிப்பாக வேண்டாம், நூறு பேர் முன்னால் யாரும் தவறை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இப்படித் தொடங்கலாம்: "சார், தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுல நடந்தா கீழ எப்படிக் கேக்கும்னு உங்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்ல. ஒரு பத்து நிமிஷம் எங்க ஹால்ல வந்து உக்காருங்களேன். மேல தம்பிய எப்பவும் போல நடக்கச் சொல்லுங்க." நான் பார்த்தவரை, கீழே உட்கார்ந்து தன் வீட்டு நாற்காலியைத் தானே கேட்ட மனிதர் அதிகம் வாதாடுவதில்லை. அவர் திகைத்து நிற்கும் அந்த நேரத்தில் ஃபெல்ட் வில்லைப் பாக்கெட்டை நீட்டுங்கள். பிள்ளைகள் ஓடும் இடத்துக்கு ஒரு விரிப்பு வாங்கித் தர முன்வாருங்கள், உங்கள் செலவில். ஃபோமுக்குக் கொடுக்க இருந்ததில் சிறு துண்டுதான். 'தப்பு அவர்களுடையது, நான் ஏன் வாங்க வேண்டும்' என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. உங்களுக்குத் தூக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

பேசிவிட்டு வந்தால் சத்தம் அதே அளவில் இருந்தாலும் எரிச்சல் குறைவதைக் கவனிப்பீர்கள். 1960களின் இறுதியில் அமெரிக்க உளவியலாளர்கள் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் இருவரும் செய்த சோதனைகளில், இரைச்சலில் உட்கார வைத்த சிலரிடம் மட்டும் 'தாங்காவிட்டால் இந்தப் பொத்தானை அழுத்தலாம், அழுத்தாமல் இருந்தால் நல்லது' என்றார்கள். பெரும்பாலோர் அழுத்தவே இல்லை. ஆனாலும் பிறகு கொடுத்த வேலையைப் பொத்தான் இல்லாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். மேல்வீட்டுக்காரரின் போன் எண் உங்களுக்கு அந்தப் பொத்தான்.

பேச்சு பலிக்காவிட்டால்? நோட்டுக் குறிப்போடு, மரியாதையான ஒரு கடிதம். பிறகு அசோசியேஷன், இரவு அமைதி நேரம் பற்றி விதி இருக்கிறதா என்று முன்பே படித்து வைத்திருங்கள். அதற்கும் மேல் உள்ளாட்சி, காவல்துறை, வழக்கு. இதில் ஒரு நிதானம் தேவை. குழந்தை நடப்பது, கதவு சாத்துவது போன்ற அன்றாட வாழ்க்கைச் சத்தம் வேறு, நள்ளிரவில் தவிர்க்கக்கூடிய இரைச்சல் வேறு. பக்கத்து வீட்டு ஸ்பீக்கர் விஷயத்தில் உங்கள் தரப்பு வலுவானது. மேல்வீட்டுப் பிள்ளைகள் விஷயத்தில் அப்படி இல்லை. இன்னொன்று, இங்கிலாந்து போன்ற இடங்களில் வீட்டை விற்கும்போது அண்டை வீட்டுத் தகராறுகளை வாங்குபவரிடம் எழுத்தில் சொல்லியாக வேண்டும். உங்கள் இடத்து விதியைப் புகாருக்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள்; அடுத்த புகார் உங்கள் மேல் வரும்.

உங்கள் மனைவி இன்றிரவே தூங்க வேண்டுமே. கட்டிலின் தலைமாட்டைப் பொதுச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்துங்கள், முடிந்தால் எதிர்ச்சுவருக்கே மாற்றுங்கள். மின்விசிறி போன்ற சீரான இரைச்சல் ஒன்று அறையில் ஓடட்டும். திடீர்ச் சத்தம்தான் எழுப்புகிறது, பின்னணியில் ஒரு ஓசை இருந்தால் அந்தத் துள்ளல் குறையும். மென்மையான காதடைப்பான் பேச்சுக்கு நன்றாக உதவும், 'தும் தும்' ஒலிக்கு அவ்வளவாக உதவாது. அந்த ஒலிக்காகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து, பதினொரு மணி நல்ல நேரம்.