பயிற்சி கொடுத்தும் கெஷியர் பிள்ளைகள் அதே பிழையை விடுகிறார்கள், மனம் நோகாமல் எப்படித் திருத்துவது?

ஒரு கிழமை பழக்கியும் மிச்சக் காசில் பிழை வருகிறது, ஏசினால் வேலையை விட்டுப் போய்விடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கொழும்பில் புறக்கோட்டையிலோ வெள்ளவத்தையிலோ சனம் நெருக்குகிற கடை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

"வாடிக்கையாளர் சேவை" என்று தலைப்புப் போட்டு முழுநாள் பேசினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. மிச்சக் காசு கொடுப்பதை மட்டும் ஒரு பாடமாக எடுங்கள். கடை திறக்க முன் இருபது நிமிடம் போதும். பில் 1,340 ரூபாய், தந்தது 5,000 ரூபாய்த் தாள் என்று வையுங்கள். வாங்கியதும் "ஐயாயிரம்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தாள் லாச்சிக்குள் போகாமல் மேலே, இரண்டு பேர் கண்ணுக்கும் தெரிய இருக்க வேண்டும். பிறகு பில் தொகையிலிருந்து மேல்நோக்கி எண்ண வேண்டும்: பத்து வைத்தால் 1,350, ஐம்பது வைத்தால் 1,400, நூறோடு 1,500, ஐந்நூறோடு 2,000, மூன்று ஆயிரம் தாளோடு 5,000. மிச்சம் ஆளின் கைக்குப் போன பிறகுதான் தாள் உள்ளே. ஏன் என்பதையும் சொல்லுங்கள். தாள் உள்ளே போனபின் "தந்தது ஐயாயிரம்", "இல்லை, ஆயிரம்" என்று தகராறு வந்தால் காட்ட ஒன்றும் இருக்காது. காரணம் தெரியாத படியைத்தான் அவசரத்தில் முதலில் விடுவார்கள்.

"விளங்கிச்சா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் "ஓம்" என்பார்கள். செய்து காட்டச் சொல்லுங்கள். அடுத்த தரம் ஒவ்வொரு படியையும் சொல்லிக்கொண்டே செய்யட்டும். 1940களில், போர்க்கால அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புது ஆட்களைப் பழக்கிய முறை இது: ஆயத்தப்படுத்தல், செய்து காட்டல், செய்ய விடல், பிறகு போய்ப் பார்த்தல். எங்கள் கடைகளில் பெரும்பாலும் விடுபடுவது நாலாவது. அடுத்த நாளும், ஒரு கிழமை கழித்தும் ஐந்து நிமிடம் பக்கத்தில் நின்று பாருங்கள்.

வரிசை நிற்கும்போது பிழை கண்டால் காசை மட்டும் திருத்துங்கள். பேச்சு பிறகு, தனியாக, ஆனால் அன்றைக்கே. "எத்தனை தரம் சொன்னது?" வேண்டாம். "தங்கச்சி, பத்தரை மணி பில்லுக்கு ஐயாயிரத்தை உள்ளே வச்சிட்டு மிச்சம் எண்ணினீங்கள். என்ன நடந்தது?" என்று கண்டதை மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். லாச்சியில் சில்லறை முடிந்திருக்கலாம். காலையிலிருந்து ஒரே நிலையில் நின்றிருக்கலாம். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கலாம். இதற்கெல்லாம் திரும்பப் பழக்குவது மருந்தல்ல. சில்லறை வேண்டும், இடைவேளை வேண்டும், சிலவேளை அரைநாள் லீவு வேண்டும்.

இது செல்லம் கொடுக்கிற வேலை என்று சிலர் சொல்லக்கூடும். குறைகிற காசைச் சம்பளத்தில் வெட்டினால் பிழை குறையாது, அதை ஒளிக்கிற பழக்கம்தான் வளரும்.

கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. நாள் முழுக்கத் தமிழிலும் சிங்களத்திலும் கதைத்து வேலை செய்கிற பிள்ளைகளுக்கு ஆங்கில ஸ்லைட் போட்டுப் பயிற்சி நடத்துகிறார்கள். தமிழ் 1987இல், இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு அரசகரும மொழியானது. கொழும்பில் இன்னும் பல பயிற்சி அறைகளுக்குள் அது வரவில்லை. விளங்காத பிள்ளை கேள்வி கேட்காது, கேட்காத பிள்ளைக்குக் "கவனமில்லை" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். மேலே சொன்ன படிகளை அவர்கள் கதைக்கிற மொழியிலேயே ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, லாச்சிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.