ஸித் சொல்றதுல இன்னா தப்பு? – ஒரு கடிதம்

வணக்கம் அண்ணா,

எனக்கு குடியாத்தம், காட்பாடி பக்கம் காலேஜ் படிக்கறேன். ஸ்டார் வார்ஸ் முதல் ஆறு படத்தையும் ரூம் பசங்களோட பாத்து முடிச்சோம். எனக்கு அதுல நல்லவங்களா வர ஜெடை வீரனுங்கள விட, அவங்க எதிரிங்க ஸித்துங்க பேசறதுதான் சரின்னு படுது. கோவப்படாத, எதுமேலயும் பாசம் வெக்காதன்னு ஜெடை சொல்றான். உன் கோவம் உன்னோடது, அத பலமா மாத்திக்க, உன்ன கட்டி வச்சிருக்கறத அறுத்து போடுன்னு ஸித் சொல்றான். இதுல இன்னா தப்பு? அவங்க ஏன் வில்லனுங்க? அப்புறம் டார்த் பேன்னு எல்லாரும் பேசறாங்களே, அந்த ஆளு எந்த படத்துல வரான்?

தம்பி,

பாதி நியாயம் உன் பக்கம்தான். 2005ல வந்த படத்துல அனகின்ங்கற ஜெடை பையன் தன் பொண்டாட்டி சாகற மாதிரி கனவு கண்டு பதறி, மூத்த ஜெடை யோடாகிட்ட போறான், அவரு எதெல்லாம் கைய விட்டு போயிடும்னு பயப்படறியோ அதையெல்லாம் விட்டுட பழகிக்கன்னு சொல்லி அனுப்பிடறாரு. தூக்கம் கெட்டு வந்து நிக்கறவன்கிட்ட பேசற பேச்சா அது? ரகசியமா ஸித்தா இருந்த பால்படீன் உள்ள பூந்தது அந்த சந்துலதான்.

ஆனா அந்த கொள்கைய கடைசி வரைக்கும் புடிச்சினு போய் பாரு. படத்துல நடக்கறதுக்கு கிட்டத்தட்ட ஆயிரம் வருஷம் முன்னாடி ஸித்துங்க கூட்டமா இருந்து ஒருத்தன ஒருத்தன் குழி பறிச்சே அழிஞ்சாங்க, அதுல மிஞ்சினவன்தான் பேன். இனிமே ரெண்டே பேருன்னு சட்டம் போட்டான், குருகிட்ட பவர் இருக்கும், சிஷ்யனுக்கு அதுமேல வெறி இருக்கும், ஒருநாள் சிஷ்யன் குருவ கொன்னுட்டு அந்த எடத்துக்கு வருவான், இப்படியே தலைமுறைக்கு தலைமுறை பலம் ஏறினே போவும்னு கணக்கு.

சரி, நாளைக்கு என் கழுத்த அறுக்கப் போறவன்னு தெரிஞ்சே எந்த வாத்தியார் வித்தைய முழுசா எறக்கி வெப்பான்? ஆபரா அரங்கத்துல பால்படீன் அனகினுக்கு பிளேகிஸ்ங்கற ஸித் குரு கதைய சொல்றத திரும்ப போட்டு பாரு. மத்தவங்கள சாவுலருந்து காப்பாத்தற வித்த அவனுக்கு தெரிஞ்சிருந்துது, தெரிஞ்சது எல்லாத்தையும் சிஷ்யனுக்கு சொல்லிக் குடுத்தான், சிஷ்யன் அவன தூக்கத்துலயே முடிச்சிட்டான்னு சொல்வான். அந்த சிஷ்யனே பால்படீன்தான். அப்புறம் அனகின் மண்டி போட்டு அடிமை ஆனதும் பேச்சு மாறிடும், சாவ ஜெயிச்சவன் ஒருத்தன்தான், நாம ரெண்டு பேரும் சேந்து அத கண்டுபுடிக்கலாம்னு. எதுக்காக இந்த புள்ள எல்லாத்தையும் வித்துட்டு வந்தானோ அது கடைல இல்லவே இல்ல. எனக்கு அந்த எடத்துல வயிறு எரியும்.

நம்ம வட ஆற்காட்டு பக்கம் கூத்து வாத்தியாருங்கள பாரு, காலமெல்லாம் தான் கட்டின துரியோதனன் வேஷத்த ஒரு பையனுக்கு குடுத்து, அவன் திரைக்கு பின்னாடி சலங்கையோட நிக்கறப்ப இவரு பின்பாட்டுல நின்னு அவனுக்காக தொண்ட கிழிய பாடுவாரு. வித்த அப்படித்தான் நிக்கும். ஸித்கிட்ட அதுக்கு வழியே கெடையாது.

அனகினுக்கு முன்னாடி பால்படீனுக்கு சிஷ்யனா இருந்த டூக்கு, அனகின் கையால சாகற எடத்தையும் பாரு. ரெண்டு கையும் போயி மண்டி போட்டுனு இருக்கான், கழுத்துல ரெண்டு வாளு. பால்படீன் கைதி மாதிரி சேர்ல உக்காந்துனே அனகின்கிட்ட கொல்லுன்னு சொல்றான், டூக்கு நிமுந்து அந்த மூஞ்ச பாக்கறான், வாய் தொறக்கல, தான் வெறும் தூண்டில் புழுன்னு அப்பதான் புரியுது. கட்ட அறுத்து போடுன்னு ஆரம்பிச்சவன் வந்து நிக்கற எடம் இது.

இன்னொன்னு. உணர்ச்சிய மதிக்கறோம்னு சொல்றாங்களே தவிர அவங்களுக்கு வேண்டியது பயம், கோவம், வெறுப்பு மட்டும்தான். 1983 படத்துல பால்படீன் விட்ட மின்னல் அடிச்சு துடிக்கற பையன் அப்பான்னு கத்தறப்ப, வேடரா மாறின அனகின் அந்த கெழவன தூக்கி எறியறானே, அதுவும் உணர்ச்சிதான, பாசம் வெக்காதன்னு ஜெடை சொன்னது அங்க தோத்துது, ஸித்தும் தோத்தான். அதனால உன் கோவத்த பத்தி நீ வெக்கப்படவே வேணாம், அத யாரு கைல குடுக்கறன்னு மட்டும் பாத்துக்க.

பேன் நீ பாத்த ஆறு படத்துலயும் வரமாட்டான். 2006லருந்து வந்த நாவலுங்கள்ல அவன் கத விரிவா இருக்கு. குளோன் வார்ஸ் அனிமேஷன்ல ஆறாவது சீசன் கடைசி எபிசோடுல, யோடா ஸித்துங்களோட பழைய கிரகத்துக்கு போறப்ப, நெருப்பு உருவமா எதுக்க வந்து நிப்பான். அத பாத்துட்டு எழுது.