பள்ளிவாசல் கடை வாடகை

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஷார்ஜாவில் ஒரு வங்கியின் இஸ்லாமிய நிதிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். இங்கே வக்பு, அதாவது மார்க்கப் பணிக்கோ பொதுநலனுக்கோ நிரந்தரமாக எழுதி வைக்கும் சொத்து, பற்றி இப்போது பெரிய பேச்சாக இருக்கிறது. பண வக்பு, சுகூக் (வட்டிக்குப் பதிலாக லாபத்திலோ வாடகையிலோ பங்கு தரும் முதலீட்டுப் பத்திரம்), பிளாக்செயின் வக்பு என்று அடிக்கடி கருத்தரங்கு வைக்கிறார்கள். ஒரு காலத்தில் பல்கலைக்கழகம், மருத்துவமனை எல்லாமே வக்பில் நடந்தவைதானே? நம் ஊர் ஜமாஅத்திலும் இதைக் கொண்டுவந்தால் சமுதாயம் யாரிடமும் கையேந்த வேண்டியிருக்காது என்று தோன்றுகிறது. பணத்தை வக்பு செய்வது மார்க்கத்தில் கூடுமா? பள்ளிவாசல் நிலத்தில் சுகூக் மூலம் பணம் திரட்டி வணிக வளாகம் கட்ட முடியுமா? 2025 வக்புச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இது கஷ்டமாகிவிட்டதா? எங்கள் பெரியத்தா (பெரியப்பா) கடையும் பள்ளிவாசல் காம்ப்ளெக்ஸில்தான் மூன்று தலைமுறையாக இருக்கிறது, அந்த இடத்தின் மதிப்பை நினைத்தால் ஆசையாக இருக்கிறது.

எஸ்., ஷார்ஜா

அன்புள்ள தம்பி,

வ அலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் எங்கள் ஊர் ஜமாஅத் வாட்ஸாப் குழுவில் ஒரு அறிவிப்பு பார்த்தேன். இமாமுக்கும் பாங்கு சொல்லும் மோதினாருக்கும் சம்பளம் பாக்கி, வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் தாராளமாக உதவ வேண்டும் என்று. அந்தப் பள்ளிவாசலுக்கு பஜாரில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. வயிறு எரிந்துகொண்டிருந்த நேரத்தில் நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிளாக்செயினை விட்டுவிடுங்கள். ரசீதுப் புத்தகமே ஒழுங்காக இல்லாத இடத்தில் அது எதற்கு? பல்கலைக்கழகம், மருத்துவமனைப் பெருமையும் வேண்டாம், அதை மீலாது மேடையில் வருஷா வருஷம் கேட்கிறோம், கேட்டுவிட்டு பிரியாணி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

பண வக்பு நல்ல கேள்வி. நான் மார்க்கம் படித்த ஆலிம் இல்லை, ஃபத்வா என்று தீர்ப்புக் கொடுக்க மாட்டேன். ஆனால் நீங்கள் கருத்தரங்கில் புதுச் சரக்காகக் கேட்டது உஸ்மானியத் துருக்கியில் 15ஆம் நூற்றாண்டிலேயே நடந்த விஷயம். ஒருவர் ஒரு தொகையை ரொக்கமாக வக்பு எழுதி வைப்பார். வக்பை நிர்வகிக்கிற முத்தவல்லி அதைக் கடனாகக் கொடுத்து வருகிற வருமானத்தில் ஓதிக்கொடுக்கிறவருக்குச் சம்பளமோ, தெருக் குழாய்க்கு மராமத்தோ நடக்கும். நூற்றுக்குப் பத்து, பதினொன்று என்ற அளவில் வருமானம் வந்திருக்கிறது. இது வட்டி இல்லையா? அங்கேயும் அதைத்தான் கேட்டார்கள். சிவிஸாதே என்ற பெரிய ஆலிம் கூடாது என்றார், பிர்கிவி மெஹ்மெத் இன்னும் கடுமையாக எதிர்த்து எழுதினார். 1545 முதல் 1574 வரை ஷைகுல் இஸ்லாமாக, அதாவது அரசின் தலைமை மார்க்க அதிகாரியாக, இருந்த எபுஸ்ஸுஊத், இமாம் அபூ ஹனீபாவின் மாணவர் ஸுஃபரின் கருத்தையும், மக்களிடம் வேரூன்றிவிட்ட நடைமுறையையும் காட்டி, கூடும் என்றார். அதை நிறுத்தினால் எத்தனையோ பள்ளிவாசலும் மதரஸாவும் மூடப்படும் என்பது அவர் கவலை.

அவர்கள் செய்த ஏற்பாடு உங்களுக்குப் பிடிக்கும். கடன் வாங்குகிறவர் தன் வீட்டை வக்புக்கு விற்றதாக எழுதிக்கொடுப்பார், அதே வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பார், கடன் தீர்ந்ததும் வீடு திரும்ப அவர் பேருக்கு வரும். நடுவில் கொடுத்த வாடகைதான் வக்பின் வருமானம். இதையேதான் உங்கள் ஆபீஸில் 'சேல் அண்ட் லீஸ்பேக்' என்று பவர்பாயிண்டில் போட்டுக் காட்டுவார்கள். வட்டிக்கு வேஷம் போட்டுவிட்டார்கள் என்று பிர்கிவியின் பக்கம் நிற்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 'அவாரிஸ்' வக்பு என்று ஒன்று இருந்தது. சுல்தான் போருக்கென்று திடீர் வரி போட்டால், மஹல்லாவில் கட்ட முடியாத வீடுகளுக்காக அந்தத் தெருவின் பொது நிதியே கட்டிவிடும். தெருக்காரர்கள் தெருவுக்காகச் சேர்த்து வைத்த காசு. இதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

சரி, சுகூக். முடியுமா என்றால், முடிந்த இடம் இருக்கிறது. சிங்கப்பூரில் பென்கூலன் தெருவில் பழைய பள்ளிவாசல் இருந்த வக்பு நிலத்தில், முயிஸ் என்கிற அவர்களுடைய இஸ்லாமிய சமய மன்றம், 35 மில்லியன் சிங்கப்பூர் டாலருக்கு முஷாரகா என்கிற கூட்டுப் பங்கு முறையில் சுகூக் வெளியிட்டுப் பணம் திரட்டியது. புதுப் பள்ளிவாசலும் எழும்பியது, பக்கத்திலேயே சர்வீஸ் அபார்ட்மெண்டும் வணிக இடமும் வந்தன. இங்கே நம் சட்டத்தில், 2013 திருத்தத்துக்குப் பிறகு வக்புச் சொத்தை விற்கவும் முடியாது, அடமானம் வைக்கவும் முடியாது. குத்தகை கொடுக்கலாம், வணிகத்துக்கும் கல்விக்கும் மருத்துவத்துக்கும் 30 வருஷம் வரை. அந்த வழியில் யோசிக்க இடம் உண்டு. ஆனால் தம்பி, நீங்கள் வங்கிக்காரர், உங்களுக்கே தெரியும், சுகூக்கில் பணம் போடுகிறவன் முதலில் என்ன கேட்பான்? அந்த இடத்தில் இப்போது என்ன வாடகை வருகிறது என்று கேட்பான். அந்தக் கேள்விக்கு உங்கள் ஜமாஅத் என்ன பதில் சொல்லும்?

இந்திய முஸ்லிம்களின் நிலையை ஆராய அரசு அமைத்த சச்சார் குழு 2006இல் கொடுத்த கணக்கைப் பாருங்கள். இந்தியா முழுக்கப் பதிவான வக்புச் சொத்து 4.9 லட்சம், நிலம் 6 லட்சம் ஏக்கர், சந்தை மதிப்பு 1.2 லட்சம் கோடி ரூபாய். வருஷ வருமானம் 163 கோடி. நூறு ரூபாய்ச் சொத்துக்கு வருஷத்துக்குப் பதினான்கு காசு, அதுவும் முழுசாகத் தேறாது. மையவாடியும் (அடக்கத்தலம்) பள்ளிவாசலும் காசு ஈட்டுவதற்காக இல்லை என்பதைக் கழித்தாலும் மீதிக்கு என்ன சமாதானம்? அரசாங்கம் ஆக்கிரமித்தது, அடுத்தவன் ஆக்கிரமித்தது என்று பட்டியல் போடுவார்கள், அதெல்லாம் நடந்ததுதான், அந்த அறிக்கையிலேயே இருக்கிறது. நம் ஆள் ஐவேளையும் தொழுதுகொண்டே உட்கார்ந்திருக்கும் கடையை மட்டும் யாரும் அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

எங்கள் அத்தா (அப்பா) ரிட்டயர் ஆன பிறகு பள்ளிவாசலுக்குக் கணக்கு எழுதினார். மாசம் பிறந்ததும் ரசீதுப் புத்தகமும் நடுவில் வைக்கிற கார்பன் தாளும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாகப் போவார். சின்னப் பையனாக நானும் கூடப் போவேன். ஒரு ஜவுளிக்கடை. முதலாளி ஜமாஅத்தில் பெரிய ஆள், பெருநாள் தொழுகையில் முதல் ஸஃப்பில் நிற்பார். அத்தாவை உட்காரச் சொல்லாமல் துணி விரித்துக் காட்டிக்கொண்டே இருப்பார். கூட்டம் குறைந்ததும் கல்லாவைத் திறந்து, 'என்ன மாமு, பள்ளிவாசலுக்குத்தானே, எங்க போயிடப் போவுது' என்று சொல்லி நாற்பது ரூபாயை மேஜையில் வைப்பார். கடைக்குள் பாதியைத் தடுத்து ஒரு வாட்ச் ரிப்பேர்காரருக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார். அந்த மனிதர் இவருக்கு மாசம் நானூறு கொடுத்தார். அத்தா அதை மகாசபைக் கூட்டத்தில் எழுந்து சொன்னார், நானூறையும் நாற்பதையும் வாசித்தே காட்டினார். கூட்டத்தில் யாரும் மறுத்துப் பேசவில்லை. அடுத்த மாசம், 'உங்களுக்கு வயசாயிடுச்சு, ஓய்வெடுங்க' என்று சொல்லி கணக்குப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார்கள்.

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது, அதனால்தான் துருக்கியிலிருந்து என்னால் நகர முடியவில்லை. இஸ்தான்புல் மரவீடுகளின் ஊர், தீப்பிடித்தால் தெருத்தெருவாகப் போகும். வக்புக் கடை எரிந்துபோனால் திரும்பக் கட்ட வக்பில் ரொக்கம் இருக்காது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பேர் 'இஜாரதைன்', இரட்டை வாடகை. வாடகைக்கு வருகிறவர் கட்டடத்தின் மதிப்பை ஒட்டி ஒரு பெரிய தொகையை முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும், அப்புறம் வருஷா வருஷம் ஒரு சின்னத் தொகை. பதிலுக்கு இடம் அவருக்குப் பின் அவர் பிள்ளைகளுக்கும் போகும். எரிந்த கடையைக் கட்ட அது உதவியது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காசின் மதிப்பு தேயத் தேய அந்தச் சின்ன வாடகை வசூலிக்கப் போகிற செலவுக்குக்கூடக் காணாமல் போயிற்று. பத்திரத்தில் வக்பு, நடைமுறையில் குடும்பச் சொத்து. கடைசியில் 1935இல் துருக்கிக் குடியரசு வக்புச் சட்டம் போட்டு, ஈட்டுத்தொகை ஒன்றை வாங்கிக்கொண்டு, இரட்டை வாடகைக்காரர்களையே சொந்தக்காரர்களாக்க வழி செய்தது. நம் ஊரில் அட்வான்ஸ், குட்வில் என்று ஒரு தொகை கைமாறி, பழைய வாடகை அப்படியே நின்று, மகனுக்குப் போய், பேரனுக்குப் போகிறதே, அது இதுவேதான். ஒரே வித்தியாசம், அங்கே முன்பணம் வக்புக்குப் போனது. இங்கே காலி செய்கிறவர் பாக்கெட்டுக்குப் போகிறது.

கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) கேட்டபோது, மூலத்தை நிறுத்திக்கொண்டு பலனைத் தர்மம் செய்யச் சொன்னார்கள் நபி (ஸல்). நாம் மூலத்தை நிறுத்தித்தான் வைத்திருக்கிறோம், பலனை வாடகைக்காரர் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அதே வாடகைக்காரர் ரமலானில் நோன்புக் கஞ்சிக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்து, போர்டில் பேர் எழுத வைத்துவிடுவார். அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும், ஆனால் வருஷம் முழுக்கப் பள்ளிவாசல் அவருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் தர்மத்துக்கு யார் போர்டு வைப்பது?

2025 சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வக்பு வாரியத்தின் அமைப்பில் கை வைத்தது முதல் கோபப்பட எனக்கும் காரணங்கள் உண்டு, ஒரு கடிதத்தில் அடங்காது. ஆனால் அந்தக் கோபத்தைப் போர்வையாக்கி வாடகைப் பதிவேட்டை மூடி வைக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கேள்வி கேட்டால் 'இந்த நேரத்தில் இதைப் பேசலாமா, எதிரிக்குச் சாதகம் ஆகிவிடாதா' என்கிறார்கள். எங்கள் அத்தா கேட்டபோது எந்தச் சட்டமும் வரவில்லையே, அப்போது மட்டும் பேச விட்டார்களா?

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை தம்பி. ஷார்ஜாவில் உட்கார்ந்துகொண்டு ஊர்ப் பள்ளிவாசலை நினைக்கிற பிள்ளை நீங்கள், உங்கள் வயதில் எனக்கு அந்த நினைப்பே இருந்ததில்லை. ஆனால் பெரியத்தா கடை மூன்று தலைமுறையாக அங்கே இருக்கிறது என்று என்ன இயல்பாக எழுதிவிட்டீர்கள்! மாச வாடகை எவ்வளவு என்று எழுதவில்லையே? அதே வரிசையில் பட்டா நிலத்தில் இருக்கும் கடைக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று விசாரித்தீர்களா? பெரியத்தா நல்ல மனிதராகத்தான் இருப்பார், எங்கள் ஊர் ஜவுளிக்கடைக்காரரும் நல்ல மனிதர்தான், மையத்து (இழவு) வீட்டுக்கு முதலில் வந்து நிற்பவர்.

லீவில் ஊருக்கு வரும்போது, ஜும்ஆ முடிந்து முத்தவல்லி வெளியே வந்ததும் கேட்பு (வர வேண்டிய வாடகை), வசூல், பாக்கிக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் எழுத்தில் கேளுங்கள். அதற்கு முன்னால் பெரியத்தாவிடம் பேசி, சந்தை வாடகையை அவரே எழுதிக்கொடுக்கும்படி செய்யுங்கள், இல்லாவிட்டால் 'முதலில் உங்க வீட்டைப் பாரு' என்று ஒரே வார்த்தையில் உங்களை உட்கார வைத்துவிடுவார்கள். வீட்டில் அதனால் வருத்தம் வரும், பெருநாளுக்குப் பெரியம்மா முகம் கொடுத்துப் பேசாமலும் இருக்கலாம். புது வாடகைக்கு முதல் ரசீது போட்டதும் அதை எனக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், அப்புறம் சுகூக்கைப் பற்றி எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்