மகளை ஏசியது சரியா?

கேள்வி: கருந்துளைக்குப் பக்கத்தில் போனால் காலம் மெதுவாகுமாம். உள்ளே விழுகிறவர் விளிம்பிலேயே உறைந்து நிற்பாராம். உயர்தரம் படிக்கும் என் மகள் சொல்கிறாள். தோட்டத்துப் பிள்ளைக்கு இந்தக் கற்பனையெல்லாம் எதற்கு என்று ஏசிவிட்டேன். நான் செய்தது சரிதானே?
- ஒரு தந்தை, ஹற்றன்

பதில்: சரியில்லை. 'உனக்கு எதற்கு' என்ற பேச்சை நம் மக்கள் வெளியாரிடம் கேட்டதே போதும். வீட்டிலும் அதைக் கேட்க வேண்டுமா?

கற்பனை என்கிறீர்கள். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஓர் அணுக்கடிகாரத்தையும் கொழும்புக் கடற்கரையில் இன்னொன்றையும் வையுங்கள். மேலே இருப்பது நாளொன்றுக்கு 17 நானோ செக்கனுக்குச் சற்று மேல் முந்தும். ஒரு நானோ செக்கன் என்பது செக்கனில் 100 கோடியில் ஒரு பங்கு. புவியீர்ப்பின் ஆழத்தில் இருக்கும் கடிகாரம் பின்தங்கும், அவ்வளவுதான். ஜி.பி.எஸ். செய்மதிகளின் கடிகாரங்கள் நாளுக்கு 38 மைக்ரோ செக்கன், அதாவது 38,000 நானோ செக்கன், முந்துவதால், அதற்கேற்பத் திருத்தித்தான் இயக்குகிறார்கள்.

கருந்துளையருகே இதே வித்தியாசம் பூதாகரமாகிறது. சூரியனைப்போல் 10 மடங்கு திணிவுள்ள, சுழலாத கருந்துளையின் விளிம்பு, அதாவது ஒளிகூட உள்ளிருந்து திரும்பி வர முடியாத எல்லை, மையத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர். 40 கிலோமீற்றரில் ரொக்கட் விசையால் ஒருவர் அசையாமல் நின்றால், அவருக்கு ஒரு மணித்தியாலம் கழிவதற்குள் தொலைவிலுள்ள நமக்கு இரண்டு கழிந்துவிடும். ஆனால் அவருடைய நாடியும் மூச்சும் கடிகாரமும் அவருக்கு வழமைபோலவே இருக்கும். நம்மைப் பார்த்தால் நாம்தான் அவசரப்படுவதாகத் தெரியும். 'மெதுவாக' என்ற சொல்லுக்கே இரண்டு கடிகாரங்கள் வேண்டும்.

உங்கள் மகள் சொன்னதில் ஒரு திருத்தம் உண்டு. உறைந்து நிற்பவரை நாம் காலமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. விழுகிறவர் டோர்ச்சை ஒரே சீரான இடைவெளியில் அடித்துக்கொண்டே போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒளி நம்மிடம் வரும் இடைவெளி நீண்டுகொண்டே போகும், நிறம் சிவந்து மங்கும். விளிம்பைத் தாண்டுமுன் அவர் அடிக்கக்கூடிய ஒளித்துடிப்புகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. கடைசித் துடிப்புக்குப் பிறகு நமக்கு வர ஒன்றுமில்லை. இந்தக் கருந்துளையில் சில மில்லிசெக்கன்களிலேயே அவர் கண்ணுக்கு மறைந்துவிடுவார். அவரோ தன் கடிகாரப்படி எங்கும் நிற்காமல் உள்ளே போய்விடுவார்.

அந்த 40 கிலோமீற்றர் எப்படி வந்தது என்று இன்றிரவு மகளிடம் கேளுங்கள். ஒரு சூத்திரமும் ஒரு வர்க்கமூலமும் போதும், நாலு வரியில் போட்டுக் காட்டுவாள். பேனையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.