அடைப்புக்குறிக்குள் ஓர் அத்தை

கேள்வி: நாங்கள் மதுரை திருநகரில் இருக்கிறோம். மாமனாரின் முதல் வருஷத் திதியை ராமேசுவரத்தில் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம். மாமா இருந்தவரை அத்தையும் அவருமாக வருஷம் தவறாமல் தை அமாவாசைக்கு அங்கே போய்வருவார்கள். இப்போது நான், கணவர், பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூட என் தங்கையும் அவள் கணவரும். இரண்டு இரவு தங்க இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று பாம்பன் பக்கம் கடலோர ரிசார்ட். நீச்சல் குளம் உண்டு, பிள்ளைகளுக்கு மூன்றடி ஆழத்தில் தனிக் குளம், பால்கனியில் நின்றால் கடல், காலைச் சாப்பாடும் சேர்த்து ஓர் அறை 6,500 ரூபாய். இன்னொன்று கோயில் பக்கத்து லாட்ஜ், 2,200 ரூபாய், போட்டோவில் சுமாராகத்தான் இருக்கிறது. எங்கே போனாலும் இரண்டு அறை போதும் (அத்தை சத்திரத்தில் படுத்துக்கொள்வார்கள், அவர்களுக்கு அதுதான் பழக்கம்). ரிசார்ட், கொடுக்கிற காசுக்குத் தகுமா?

– ஒரு வாசகி, திருநகர்

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீச்சல் குளத்தின் ஆழம் இருக்கிறது. பிள்ளைகளின் வயது இருக்கிறது. காலைச் சாப்பாடு வாடகையில் சேர்த்தியா என்பதுகூட இருக்கிறது. அத்தைக்கு என்ன வயது, முட்டி எப்படி இருக்கிறது, மாடி ஏறுவாரா, ஒன்றும் இல்லை. முழுக் கடிதத்திலும் ஒரே ஓர் அடைப்புக்குறி போட்டிருக்கிறீர்கள். அதற்குள் அந்த அம்மாவுக்குப் பாயை விரித்துவிட்டீர்கள்.

ரிசார்ட்டா, லாட்ஜா என்பதற்கு அரை நிமிஷத்தில் பதில் சொல்லிவிடலாம். சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்தப் ‘பழக்கம்’.

யாருடைய பழக்கம் அது? மாமாவும் அத்தையுமாகப் போய்வருவார்கள் என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பேராகப் போய்ச் சத்திரத்தில் படுத்த பழக்கம். ஒருத்தர் பையைப் பார்த்துக்கொள்ள, இன்னொருத்தர் குளிக்கப் போன பழக்கம். நடுராத்திரி எழுந்தால் “லைட்டைப் போடவா?” என்று கேட்க ஓர் ஆள் பக்கத்தில் கிடந்த பழக்கம். தனியாக அங்கே படுத்து அவருக்கு என்ன பழக்கம்? அதுவும் அந்த மனுஷனுக்கே திதி கொடுக்கப் போகிற முந்தின ராத்திரி.

அவர்களேதான் சொன்னார்கள் என்பீர்கள். சொல்லியிருப்பார். “எனக்கு ஒண்ணும் வேணாம்”னு சொல்லியே ஆயுசைக் கழித்த தலைமுறை அது. அதை எந்த அளவுக்கு நம்புவது என்பது கேட்கிறவருக்குத் தெரிய வேண்டும். பந்தியில் ஒருத்தர் போதும் என்று இலைக்குமேல் கையை நீட்டினால் அப்படியே நகர்ந்து போய்விடுவீர்களா? கையை விலக்கி ஒரு கரண்டி போடுகிற ஊர்க்காரி இல்லையா நீங்கள்?

சத்திரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. கையில் காசில்லாதவனும் ராமேசுவரத்துக் கடலில் முழுக்குப் போட வழி செய்தவை சத்திரங்கள்தான். ஆனால் இரண்டு ராத்திரிக்கு 26,000 ரூபாய் கொடுக்கலாமா என்று யோசிக்கிற வீட்டின் பெரியவரைப் படுக்கவைக்க அவற்றை யாரும் கட்டவில்லை.

தங்கை வரட்டும், அதில் எனக்கு ஒன்றுமில்லை. கணக்கை மட்டும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: காலமானவரின் மருமகளுடைய தங்கைக்கு அறை உண்டு, காலமானவரின் மனைவிக்குக் கிடையாது. ராமேசுவரம் போனாலும் சனீஸ்வரன் விடாது என்பார்கள். இந்த வாரம் உங்களுக்கு அது நானாக இருந்துவிட்டுப் போகிறேன்.

இப்போது அறை. அந்த ஊருக்குத் திதிக்குப் போகிறவர்களுக்கு அறை எதற்கு? தூங்குவது அப்புறம். முதலில் ஈரத்துணி மாற்ற. கிழக்குக் கோபுரத்துக்கு எதிரேதான் அக்னி தீர்த்தம். கடலில் முழுகி, கரையில் உட்கார்ந்து திதி கொடுத்து, பிறகு கோயிலுக்குள் போய் 22 தீர்த்தம் ஆடவேண்டும். ஒவ்வொரு கிணற்றிலும் வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். கல்தரை முழுக்கத் தண்ணீர், கால் வழுக்கும். கடைசியில் கோடி தீர்த்தம் முடிந்து வெளியே வரும்போது இளவட்டங்களுக்கே பல் தந்தியடிக்கும். ஈரத்தோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள். மாற்றுத்துணி பாம்பன் ரிசார்ட்டில் இருந்தால் அது பத்து கிலோமீட்டருக்கும் அப்பால். கோயிலிலேயே மாற்றிக்கொள்ள இடம் உண்டுதான். கூட்ட நாளில் அந்த நெரிசலில் வயசான ஒரு பெண்பிள்ளை சேலை மாற்றுவதை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. அத்தை சத்திரத்திலிருந்து தனியாக நடந்து வருகிறார், நீங்கள் ஆறு பேர் பாம்பனிலிருந்து வந்து சேர்கிறீர்கள். மூன்றாம் பிராகாரத்தில் மட்டும் 1,212 தூண்கள். எந்தத் தூணுக்குப் பின்னால் அவரைத் தேடுவீர்கள்? அதிகாலை 5 மணிக்கு ஸ்படிகலிங்க தரிசனம் வேறு. ஆறு வயதுப் பிள்ளையைப் பாம்பனில் எழுப்பிக் கிளப்பி அதற்கு நேரத்துக்கு வந்தீர்களானால் எனக்கு எழுதுங்கள், நான் கற்றுக்கொள்கிறேன்.

ஆகவே லாட்ஜ்தான். அங்கேயும் ‘கோயில் பக்கம்’ என்றால் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். கோயில் கிழக்கு மேற்காக 800 அடிக்கு மேல். மேலக் கோபுரத்தடியில் அறை எடுத்துவிட்டு, அக்னி தீர்த்தத்துக்கு ஈரச்சேலையும் முட்டிவலியுமாக ஒருவரை நாலு தடவை நடக்கவைக்க முடியாது. கிழக்குக் கோபுரத்திலிருந்து எத்தனை அடி என்று கேளுங்கள். தரைத்தளம், இல்லையென்றால் லிப்ட், அதுவும் கரண்ட் போனால் ஓடுகிற லிப்ட். நாற்காலியில் மாதிரி உட்கார்ந்து எழுகிற வெஸ்டர்ன் கழிப்பறை. குழாயில் உப்புத் தண்ணீரா, நல்ல தண்ணீரா. போட்டோ சுமாராக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கடல் தெரிகிற அறைக்கு ஆசைப்பட்டு நானும் ஏமாந்திருக்கிறேன், இதே ஊரில்தான். குளியலறையில் வாளியைக் கவிழ்த்து மேலே ஏறி நின்றால், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே ஒரு சாண் நீலம். வீட்டுக்காரர் ஊர் திரும்பும்வரை அந்த வாளியைச் சொல்லியே சிரித்தார். கடல் பார்க்க பால்கனி எதற்கு? அக்னி தீர்த்தத்தில் கடல் தெப்பக்குளம் மாதிரி அசையாமல் கிடக்கும், பிள்ளைகள் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டே இறங்கலாம். அலை வேண்டுமென்றால் மறுநாள் தனுஷ்கோடி போங்கள். ஒரு பக்கம் பெண் கடல், மறுபக்கம் ஆண் கடல் என்பார்கள் அங்கே. அரிச்சல்முனை வரைக்கும் 2017இலிருந்து நல்ல ரோடு. பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும், அங்கே தண்ணீரில் யாரையும் இறங்கவிடாதீர்கள். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த சர்ச்சைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஊரே போன ராத்திரி அது என்று பாட்டி சொல்வார். மூன்றடிக் குளத்தில் யார் அவர்களுக்குக் கதை சொல்லப் போகிறார்கள்?

உங்கள் கணக்கையே போட்டுப் பார்த்தேன். லாட்ஜில் மூன்று அறை எடுத்தால் ராத்திரிக்கு 6,600 ரூபாய். ரிசார்ட்டில் ஓர் அறைக்குக் கொடுக்கத் தயாராக இருந்ததைவிட நூறு ரூபாய் கூட. மூன்றாவது அறையில் அத்தையைத் தனியாக விட்டுவிடாதீர்கள், மூத்த பிள்ளை பாட்டியோடு படுக்கட்டும். ஏழு பேர் எதில் போகிறீர்கள் என்றும் எழுதவில்லை. காரில் இடமில்லை, அத்தைக்கு ரயில்தான் பழக்கம் என்று அடுத்த கடிதம் வராமல் இருக்கட்டும். ரயில் என்றால் எல்லோருமே ரயிலில் போங்கள். பாம்பனில் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்து, வண்டி மறுபடி கடல்மேல் ஓடுகிறது. ஜன்னலோரத்தைப் பாட்டியும் பிள்ளைகளும் மாற்றி மாற்றி உட்கார்ந்துகொள்ளட்டும்.

இவ்வளவுக்கும் உங்கள் வீட்டுக்காரர் எங்கே? கடிதத்தில் ‘கணவர்’ என்று ஒரே ஒரு சொல்லாக வந்து போகிறார். எள்ளும் தண்ணீரும் இறைக்கப் போகிற கை அவருடையது. அம்மா எங்கே படுக்கப் போகிறார் என்று அவருக்குத் தெரியுமா? தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருக்கிறார் என்றால், உங்களைத் திட்டியதில் பாதியை அவரிடம் கொடுத்துவிடுங்கள். மாமியார் மருமகள் தகராறு என்று எனக்கு வருகிற கடிதங்களில் நடுவே ஓர் ஆம்பளை பேசாமல் உட்கார்ந்திருக்காத கடிதம் அபூர்வம். பெற்றவளை எங்கேயோ படுக்கவிட்டு வந்து, பெற்றவனுக்குப் பிண்டம் வைப்பதை நான் கடமை என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அதனால் லாட்ஜுக்கு நீங்கள் போன் செய்ய வேண்டாம். அவர் செய்யட்டும். வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, அத்தை காதில் விழுகிற மாதிரி கேட்கட்டும்: “எங்கம்மாவுக்கு மாடி ஏற முடியாது. கீழே ரூம் இருக்குங்களா?”