ஓட்டையை அடைக்கும் முன் அதைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள்

கேள்வி: எங்கள் வீட்டு வெளிச்சுவர் பூச்சு இல்லாத செங்கல் சுவர். பழைய குழாயைப் பிடுங்கிய இடத்தில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் என்று நல்ல கெட்டியான கலவையாகப் போட்டுத்தான் அடைத்தோம். ஒரு மழைக்காலம் தாங்கவில்லை, அப்படியே முழுக் கட்டியாகக் கழன்று விழுந்துவிட்டது. இந்த முறை சிமெண்டை இன்னும் கூட்டலாமா? இல்லை, டப்பாவிலிருந்து அடித்தால் உப்பி இறுகுமே, அந்த ஃபோம் அடித்துவிட்டால் போதுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். விழுந்த கட்டி இன்னும் அங்கேயே கிடந்தால் எடுத்து அதன் முதுகுப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பாக இருக்கிறதா, விரலால் தேய்த்தால் மாவாக வருகிறதா? அப்படியென்றால் உங்கள் கலவை செங்கல்லைப் பிடிக்கவே இல்லை, கல்லின் மேல் இருந்த தூசியைப் பிடித்துக்கொண்டு இத்தனை நாள் நின்றிருக்கிறது. உடையாமல் முழுசாக விழுந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆக பலத்தில் குறை இல்லை, ஒட்டில்தான் குறை. இதில் சிமெண்டை இன்னும் கூட்டினால் இன்னும் உறுதியான கட்டி ஒன்று விழும், அவ்வளவுதான்.

சிமெண்ட் கூடினால் உறுதி என்று நம் எல்லோர் மனதிலும் பதிந்துபோயிருக்கிறது. கட்டுவேலைக் கலவைக்கு இது பொருந்தாது. சிமெண்ட் அதிகமான கலவை காயும்போது அதிகம் சுருங்கும், அப்போது ஓட்டையின் விளிம்பைச் சுற்றி மயிரிழை போல ஒரு விரிசல் விடும், மழைத் தண்ணீருக்கு அந்த இழை போதும். அதோடு செங்கல் சுவர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் லேசாக விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். அந்த அசைவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியது கலவை, கல் அல்ல. கலவை உதிர்ந்தால் சுரண்டிவிட்டுத் திரும்ப வைத்துக்கொள்ளலாம். கல்லைவிடக் கலவை கெட்டியாக இருந்துவிட்டால் கல்லின் முகம்தான் பெயர்ந்து வரும், அதற்கு அப்புறம் கல்லையே மாற்ற வேண்டியதுதான். அதனால் ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் போதும். நீர்த்த சுண்ணாம்புத் தூள் கிடைத்தால் ஒன்றுக்கு ஒன்றுக்கு ஆறு என்று சிமெண்ட், சுண்ணாம்பு, மணல் கலந்துகொள்ளுங்கள், கரண்டியில் வழுக்கிக்கொண்டு போகும், இடுக்குகளில் நன்றாக இறங்கும். மணலில் உப்பு இருக்கக் கூடாது, இல்லையென்றால் காய்ந்த பிறகு சுவரில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும்.

வீடு எவ்வளவு பழையது என்று நீங்கள் எழுதவில்லை. போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1824-இல்தான், அதற்குப் பிறகும் வெகு காலம் சுண்ணாம்புச் சாந்தில்தான் வீடுகள் எழும்பின. ஒரு சாவியால் பழைய மூட்டை, அதாவது இரண்டு கற்களுக்கு நடுவே உள்ள கலவையை, சுரண்டிப் பாருங்கள். வெளுப்பாக, பொடிப்பொடியாக, சுலபமாக உதிர்ந்தால் அது பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்து. அந்தச் சுவருக்குச் சுண்ணாம்புக் கலவையே போடுங்கள், சிமெண்ட் பக்கமே போக வேண்டாம். ஈரத்தை உள்வாங்கி வெளியே விட்டுப் பழகிய சுவரில் ஒரு இடத்தை மட்டும் சிமெண்டால் இறுக்கினால், ஈரம் அதைச் சுற்றியுள்ள கற்கள் வழியாக வெளியேறப் பார்க்கும், அவை ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் ஓட்டையைப் பெரிதாக்குங்கள். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் உடைந்த கல்லின் மிச்சம் மீதியை வைத்துக்கொண்டு அதன் மேல் அப்புவதுதான் ஒட்டுவேலையாகி விழுகிறது. உளியும் சுத்தியலும் எடுத்து உடைந்த கல்லை முழுக்கல்லாக வெளியே எடுத்துவிடுங்கள். கல்லை அடிக்காமல், சுற்றியுள்ள கலவையைக் கொத்தினால் பக்கத்துக் கல் தப்பிக்கும். ஒன்றிரண்டு கல் எடுப்பதால் சுவர் இறங்கிவிடாது, மேலே உள்ள வரிகள் ஒன்றன் மேல் ஒன்று மாற்றி உட்கார்ந்திருப்பதால் அந்த இடைவெளியைத் தாமே தாண்டிக்கொள்ளும். ஆனால் ஓட்டை நாலைந்து கல் அகலத்துக்கு இருந்தாலோ, ஜன்னல் விட்டத்தை ஒட்டியிருந்தாலோ முட்டுக் கொடுக்காமல் கை வைக்காதீர்கள், கொத்தனாரைக் கூப்பிடுங்கள். கொத்தும் முன் அந்த வழியில் மின்கம்பி போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள், செங்கல் தூசி நுரையீரலுக்கு நல்லதில்லை.

அப்புறம் தூசி. இந்த வேலையில் பாதி வெற்றி இங்கேதான். பிரஷ் போட்டுத் தேய்த்து, ஊதி, மறுபடி தேய்த்து, கடைசியில் தண்ணீரால் கழுவி விடுங்கள். தண்ணீர் பட்டதும் காய்ந்த செங்கல் குமிழி விட்டுக்கொண்டு உறிஞ்சும், அந்த உறிஞ்சல் நிற்கும் வரை ஊற்றுங்கள். பிறகு மேலே நிற்கிற தண்ணீர் போகட்டும், கல் உள்ளே ஈரமாகவும் வெளியே பளபளப்பில்லாமலும் இருக்கும்போது கலவை வையுங்கள். காய்ந்த கல்லில் வைத்தால் கலவையில் இருக்கிற தண்ணீரைக் கல் குடித்துவிடும், சிமெண்ட் இறுகுவதற்கு வேண்டிய தண்ணீர் அதற்குக் கிடைக்காது. புதிதாக வைக்கப்போகிற கல்லையும் இதே போல் ஊறப்போடுங்கள்.

சுவர் ஒரு கல்லுக்கு மேல் கனமாக இருந்து ஓட்டை ஆழமாகப் போனால், உள்ளே முழுக்கக் கலவையைக் கொட்டாதீர்கள், நிறைய சுருங்கும். உள்பக்கம் துண்டுக்கற்களைக் கலவையில் பதித்து நிரப்பி, முகத்துக்கு மட்டும் நல்ல கல்லாக வையுங்கள். அடியில் படுக்கை போலக் கலவை, பக்கங்களில் கலவை, கல்லின் தலையிலும் கலவை தடவி உள்ளே தள்ளுங்கள். எல்லோரும் கோட்டை விடுவது மேல் மூட்டில்தான். கல்லைத் தள்ளும்போது மேலே தடவிய கலவை வழிந்து விழுந்து, முன்னால் மட்டும் மூடி, உள்ளே பொந்தாக நிற்கும். அதனால் கொஞ்சம் உதிரியாக, பிடித்தால் உருண்டை நிற்கிற பதத்தில் தனியாகக் கலந்து, மூட்டைவிடச் சன்னமான ஒரு கம்பியாலோ குறுகிய கரண்டியாலோ கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திணித்து இடியுங்கள், இனி போகாது என்கிற வரைக்கும். மூட்டின் கனம் பழையதைப் போலவே இருக்கட்டும், சாதாரணமாகப் பத்து மில்லிமீட்டர் இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் ரேகை பதிந்து, விரலில் ஒட்டாமல் வரும் நேரத்தில் மூட்டின் மேல் கரண்டியை அழுத்தி இழுத்து மழமழப்பாக்குங்கள். கலந்த கலவையை ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள், இறுகத் தொடங்கியதில் தண்ணீர் விட்டுக் குழைப்பது வேண்டாம். பிறகு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரம் நனைத்து வாருங்கள். அங்கே வெயில் நேராக அடித்தால் இது இன்னும் முக்கியம்.

நிறம் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் கேட்பீர்கள். எடுத்த கல் உடையாமல் வந்தால் அதையே திருப்பி, உள்ளே இருந்த முகம் வெளியே தெரிய வைக்கலாம், சுவரோடு பொருந்தும். கலவையின் நிறத்தை ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஒரு கட்டி வைத்துக் காயவிட்டுப் பாருங்கள்.

ஃபோம் இடைவெளியில் காற்று புகாமல் அடைக்க நல்லது, ஆனால் வெயில் பட்டால் மஞ்சளாகி உதிரும், எலியும் கடித்துவிடும். சுவரின் முகத்தில் அதற்கு வேலை இல்லை. வேறொரு குழாய் அந்த வழியே போகப்போகிறது என்றால் சொல்லுங்கள், அப்போது கதை வேறு. வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக ஒரு பிவிசி உறையைக் கலவையில் பதித்து, குழாயை அதனுள் விட்டு, இடைவெளியைச் சீலன்டால், அதாவது இடுக்கை அடைக்கும் ரப்பர் போன்ற பசையால், மூட வேண்டும்.

கேள்வி: சுவரின் கீழ் வரியில் ஒரே இடைவெளி விட்டுச் செங்குத்தாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். எறும்பு வருகிறது. சிமெண்ட் பால் ஊற்றி அடைத்துவிடலாமா?

பதில்: தொடாதீர்கள். வரிசையாக, ஒரே இடைவெளியில் இருந்தால் அது கட்டியவர் வேண்டுமென்றே விட்ட வடிகால். இரட்டைச் சுவருக்கு நடுவிலும், மண்ணைத் தாங்கும் சுவருக்குப் பின்னாலும் சேரும் தண்ணீர் அது வழியாகத்தான் வெளியேறும். அடைத்தால் அந்தத் தண்ணீர் உங்கள் அறைக்குள் ஓதமாக வரும். எறும்புதான் தொல்லை என்றால் துருப்பிடிக்காத சன்னக் கம்பி வலையைச் சுருட்டிச் சொருகிவிடுங்கள், தண்ணீர் போகும், பூச்சி வராது.

கேள்வி: ஓட்டையிலிருந்து படிக்கட்டு மாதிரி ஒரு விரிசல் மேலே ஏறுகிறது. ஓட்டையை அடைக்கும்போதே அதையும் பூசிவிடவா?

பதில்: இப்போது வேண்டாம். படிக்கட்டு விரிசல் பல நேரம் அடித்தளம் அசைவதன் அறிகுறி. விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், நடுவில் அகலத்தை அளந்து குறித்து வையுங்கள். சில மாதங்களில் நீண்டாலோ அகன்றாலோ, அல்லது இப்போதே சுவரின் ஒரு பக்கம் வெளியே தள்ளி நின்றாலோ, கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டிவிட்டுத்தான் கரண்டியைத் தொட வேண்டும்.