ரைசன் 5 3600 வைத்திருக்கிறேன். கேமிங், வீடியோ எடிட்டிங் இரண்டுக்கும் சேர்த்து எந்த பிராசஸருக்கு மாறலாம்?

கேள்வியில் நீங்கள் தந்த விவரம் இது: ரைசன் 5 3600, பி450 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், ஆர்டிஎக்ஸ் 3060, 1080பி 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். வேலரன்ட், சைபர்பங்க் விளையாடுகிறீர்கள். முகூர்த்த மாதங்களில் கல்யாண வீடியோக்களை அடோபி பிரீமியரில் எடிட் செய்து கொடுக்கிறீர்கள். 5700எக்ஸ்3டி போடலாமா, ஏஎம்டியின் புதிய சாக்கெட்டான ஏஎம்5-க்கே போய்விடலாமா, இல்லை இன்டெல் பக்கம் திரும்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர்டை மாற்றாதீர்கள். ரைசன் 7 5700எக்ஸ் வாங்கி அதே போர்டில் போடுங்கள், ரேமை 32 ஜிபி ஆக்குங்கள். ஒரே ஒரு நிலையில் இந்தப் பதில் மாறும்: கேமராவிலிருந்து உங்களுக்கு வரும் கோப்புகள் 4:2:2 10 பிட்டாக (நிறத் தகவலைப் பதியும் ஒரு முறை, கீழே விளக்குகிறேன்) இருந்தால். கல்யாண வேலை செய்பவர்களுக்கு அது அடிக்கடி வரும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கேம் பிராசஸரிடம் கேட்பது ஒன்று, எடிட்டிங் கேட்பது வேறு. கேம் ஓடும்போது பிராசஸருக்கு வருவதெல்லாம் சின்னச் சின்ன வேலைகள்: யார் எங்கே நிற்கிறார், குண்டு எதில் பட்டது, அடுத்த பிரேமில் எதையெல்லாம் வரைய வேண்டும் என்று கிராபிக்ஸ் கார்டுக்குச் சொல்வது. 144 பிரேம் வேண்டுமென்றால் இத்தனையும் 7 மில்லி விநாடிக்குள் முடிய வேண்டும். ஏறக்குறைய அதே தகவல்களை ஒவ்வொரு பிரேமுக்கும் திரும்பத் திரும்ப எடுப்பதால், அவை ரேமில் இல்லாமல் பிராசஸருக்குள்ளேயே கேஷில் இருந்தால் வேகம் கூடும். அடுப்புக்குப் பக்கத்தில் அஞ்சறைப்பெட்டி இருப்பதுபோல. எக்ஸ்3டி வகை பிராசஸர்கள் அந்தப் பெட்டியைத்தான் பெரிதாக்குகின்றன: 5700எக்ஸில் எல்3 கேஷ் 32 எம்பி, 5700எக்ஸ்3டியில் 96 எம்பி.

எடிட்டிங்கில் கதை வேறு. ஒரு 4கே பிரேமில் சுமார் 83 லட்சம் பிக்சல்கள். நிறத் திருத்தம் 32 பிட் துல்லியத்தில் நடக்கும்போது ஒரு பிக்சலுக்கு 16 பைட் வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரே பிரேம் 130 எம்பியைத் தாண்டுகிறது. 96 எம்பி கேஷில் ஒரு பிரேம்கூட முழுதாக அடங்காது. அரிசி மூட்டையை அஞ்சறைப்பெட்டியில் கொட்ட முடியாது. தவிர, 5700எக்ஸ்3டியின் உச்ச வேகம் 4.1 கிகாஹெர்ட்ஸ், 5700எக்ஸுக்கு 4.6. கோர் எண்ணிக்கை இரண்டிலும் 8 தான். ஆக, எடிட்டிங்கில் எக்ஸ்3டி கொஞ்சம் பின்தங்கும். கேமுக்குச் சிறந்தது எதுவோ அதுவே எடிட்டிங்குக்கும் சிறந்தது என்று நினைத்துத்தான் பலர் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள்.

சரி, கேமுக்காக மட்டுமாவது எக்ஸ்3டி வேண்டுமா? அதை உங்கள் கம்ப்யூட்டரிடமே கேட்டுவிடலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போட்டு, விளையாடும்போது கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டைத் திரையில் வரவழைத்துப் பாருங்கள். 97, 98 சதவீதத்தில் நின்றால் கார்டு தன் சக்தி முழுவதையும் கொடுக்கிறது என்று பொருள். பிராசஸரை மாற்றினாலும் சராசரி பிரேம் பெரிதாக ஏறாது. 60, 70 சதவீதத்தில் தத்தளித்தால் பிராசஸர்தான் இழுத்துப் பிடிக்கிறது. மொத்த சிபியு பயன்பாடு 50 சதவீதம்தான் என்று டாஸ்க் மேனேஜர் காட்டுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். 12 த்ரெட்டில் ஒன்றிரண்டு மட்டும் திணறினாலும் கேம் திணறும், சராசரியில் அது தெரியவே தெரியாது.

3060-இல் சைபர்பங்க் ஓட்டினால் பெரும்பாலும் கார்டுதான் எல்லையாக இருக்கும். ரே டிரேசிங் போட்டால் சந்தேகமே இல்லை. வேலரன்ட் பிராசஸரைச் சார்ந்த கேம்தான். ஆனால் 3600-இலேயே அது 144 பிரேமைத் தாண்டி ஓடும், உங்கள் மானிட்டர் அதற்கு மேல் காட்டாது. உங்களுக்கு உண்மையில் உறுத்துவது சண்டை நடக்கும் நேரத்தில் திடீரென்று விழும் பிரேம்களாக இருக்கும். அதற்கு 5700எக்ஸே நல்ல மருந்து. 3600-இல் ஆறு கோர்களும் மும்மூன்றாக இரண்டு குழுவாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் தனித்தனி 16 எம்பி கேஷ் வைத்திருக்கும். அடுத்த குழுவிடம் இருக்கும் தகவல் வேண்டுமென்றால் சுற்றிப் போக வேண்டும். 2020 நவம்பரில் வந்த ஜென் 3 வடிவமைப்பில் (5700எக்ஸ் அந்த வகைதான்) எட்டு கோர்களும் ஒரே 32 எம்பியைப் பகிர்ந்துகொள்கின்றன. நான் 3600-இலிருந்து 5700எக்ஸுக்கு மாறியபோது முதலில் உணர்ந்தது இதைத்தான்: சராசரி எண்ணைவிட, ஆட்டம் ஒரே சீராக ஓடியது.

240 ஹெர்ட்ஸ் மானிட்டர், பெரிய கார்டு, அல்லது ஃபிளைட் சிமுலேட்டர், ஃபேக்டோரியோ மாதிரி கேம்கள் என்றால் எக்ஸ்3டியே வாங்குங்கள் என்பேன், தயங்கமாட்டேன். உங்கள் பட்டியலில் அவை இல்லை.

இப்போது 4:2:2 விஷயம். எடிட்டிங் டைம்லைன் சிக்கிச் சிக்கி ஓடுகிறது என்று புலம்புகிறவர்களில் நிறையப் பேருக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

எச்.264, எச்.265 முறைகளில் சுருக்கிய வீடியோ கோப்புகளை விரித்துப் பிரேமாக்கும் வேலையைப் பிராசஸரின் கோர்களே செய்யலாம், இல்லையென்றால் கிராபிக்ஸ் சிப்பில் அதற்கென்றே இருக்கும் தனிப் பகுதி செய்யலாம். தனிப் பகுதி செய்தால் டைம்லைன் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் அந்தப் பகுதிக்கு எல்லா வகைக் கோப்பும் தெரியாது. 4:2:0 என்றால் நான்கு பிக்சல் சதுரத்துக்கு ஒரே நிறத் தகவல். 4:2:2 என்றால் பக்கத்துப் பக்கத்து இரண்டு பிக்சலுக்கு ஒன்று. உங்கள் 3060 எச்.265 4:2:0 10 பிட்டை அநாயாசமாக விரிக்கும். 4:2:2 என்றால் கைவிரித்துவிடும், மொத்தப் பாரமும் 3600-இன் தலையில் விழும். சோனி ஏ7 IV, எஃப்எக்ஸ்3 போன்ற கேமராக்களில் 4:2:2 10 பிட் இருக்கிறது. கேண்டிட் எடுப்பவர் அதில் எடுத்து, டிரெடிஷனல் எடுப்பவர் பழைய 8 பிட்டில் எடுத்து, இரண்டையும் உங்களிடம் கொடுத்தால், ஒரே டைம்லைனில் பாதி பறக்கும், பாதி நொண்டும். இதை எட்டு கோர் கொஞ்சம் குறைக்கும், தீர்க்காது.

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஒரு கோப்பைத் திறந்து குரோமா சப்சாம்ப்ளிங், பிட் டெப்த் என்ற இரண்டு வரிகளை மட்டும் பாருங்கள். 4:2:0 என்றால் 5700எக்ஸ் போதும், இந்தப் பகுதியை நீங்கள் மறந்துவிடலாம்.

4:2:2 என்றாலும் கடைக்கு ஓட அவசரம் வேண்டாம். கேமரா உங்களுடையதாக இருந்தால் ஏ7 IV-இல் எக்ஸ்ஏவிசி எச்எஸ் முறையில் 4:2:0 10 பிட் தேர்வும் இருக்கிறது. கிரீன் மேட் வேலை இல்லாத கல்யாண வீடியோவுக்கு அது தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. லாக் படத்தை (பிறகு நிறம் திருத்துவதற்காக வெளிறிய நிறத்தில் பதிவதை) திருத்தும்போது காப்பாற்றுவது 10 பிட். வாடிக்கையாளர் கையில் கடைசியில் போய்ச் சேருவதோ எப்படியும் 4:2:0 தான். கேமரா அடுத்தவருடையது என்றால் இரவு தூங்கப் போகும் முன் ப்ராக்ஸி (எடிட் செய்யும்போது மட்டும் பயன்படும் இலகுவான நகல்) உருவாக்கப் போட்டுவிடுங்கள். காலையில் 3600-இலேயே டைம்லைன் இலகுவாக ஓடும்.

தினமும் 4:2:2 வருகிறது, ப்ராக்ஸிக்கு நேரமில்லை என்றால்தான் பணம் செலவழிக்க வேண்டிய கட்டம். அதில் இரண்டு வழி. ஒன்று இன்டெல். 11ஆம் தலைமுறையிலிருந்து அதன் உள்ளமை கிராபிக்ஸில் உள்ள குவிக் சிங்க் எச்.265 4:2:2 10 பிட்டை விரிக்கும். எச்.264 4:2:2 என்றால் 12, 13, 14ஆம் தலைமுறைகளில் அதனாலும் முடியாது, இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். பெயரின் கடைசியில் எஃப் என்று இருந்தால் உள்ளமை கிராபிக்ஸே கிடையாது. கொஞ்சம் விலை குறைகிறதே என்று எடிட்டர் ஒருவர் எஃப் வாங்கினால் இன்டெலுக்குப் போன நோக்கமே போய்விடும். ஐ5-12400-இல் இந்த வீடியோ இயந்திரம் ஒன்று, 12500-இலிருந்து இரண்டு. டிடிஆர்4 எடுக்கும் பி760 போர்டுகள் இருப்பதால் உங்கள் ரேம் வீணாகாது. 13, 14ஆம் தலைமுறையின் பெரிய சிப்கள் கூடுதல் மின்னழுத்தத்தால் பழுதான விவகாரம் உங்கள் காதுக்கும் வந்திருக்கும். 2024 ஆகஸ்டிலிருந்து அதற்கான மைக்ரோகோட் திருத்தங்கள் வந்தன, உத்தரவாதமும் இரண்டு வருடம் நீட்டிக்கப்பட்டது. புதிதாக வாங்கினால் முதல் நாளே பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்துவிடுங்கள். அந்தத் தலைமுறைகளில் பழைய சிப்பை யாரிடமிருந்தும் வாங்காதீர்கள், அதற்கு முன் எந்த பயாஸில் ஓடியது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு வழியைப் பலர் யோசிப்பதே இல்லை: பிராசஸரை விட்டுவிட்டு கார்டை மாற்றுவது. 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசை எச்.264, எச்.265 இரண்டிலும் 4:2:2-ஐ விரிக்கிறது. சைபர்பங்கும் வேகமாக ஓடும், டைம்லைனும் சீராகும். ஆனால் உங்கள் 3060-இல் 12 ஜிபி நினைவகம் இருக்கிறது. 8 ஜிபி உள்ள 5060-க்கு மாறினால் எடிட்டிங்கில் அது இறக்கம். தவிர 5060, 5060 டிஐ இரண்டும் போர்டோடு பேச எட்டு தடங்களை (லேன்) மட்டும் பயன்படுத்தும் கார்டுகள், பி450 போர்டின் இணைப்போ பழைய, வேகம் குறைந்த பிசிஐஇ 3.0. நினைவகம் நிரம்பி வழிந்தால் அந்தக் குறுகலான பாதையில் அடி வாங்கும். எனவே 16 ஜிபி 5060 டிஐ, முடிந்தால் 5070. கல்யாண வேலைதான் வருமானம் என்றால் நான் இந்த வழியைத்தான் முதலில் எடுப்பேன், 5700எக்ஸ் அடுத்த சீசனில் வரட்டும்.

ஏஎம்5 நல்ல தளம்தான். 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி இரண்டும் கேமிங்கில் கொடிகட்டிப் பறக்கின்றன. ஆனால் அங்கே டிடிஆர்5 மட்டும்தான். போர்டு, ரேம், பிராசஸர் மூன்றையும் சேர்த்து வாங்க வேண்டும். ரேம் விலை 2025 கடைசியில் ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு, கையில் ஓடிக்கொண்டிருக்கும் டிடிஆர்4-ஐக் கழற்றிப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பணத்தை உங்கள் தொழிலில் நல்ல எஸ்எஸ்டிக்கும் பேக்கப் டிஸ்க்குக்கும் போடலாம்.

ஏஎம்4-இல் வாங்கப் போகும்போது பெயரை எழுத்து விடாமல் படியுங்கள். 5700 வேறு, 5700எக்ஸ் வேறு. வெறும் 5700-இல் எல்3 கேஷ் 16 எம்பிதான், 5500-உம் அப்படியே. இரண்டும் லேப்டாப் சிப்பின் வழி வந்தவை. விலை கொஞ்சம் குறைவாக இருக்கிறது என்று கடையில் 5700-ஐ எடுத்து நீட்டுவார்கள், வாங்கிவிடாதீர்கள். பட்ஜெட் இடித்தால் 5600 எடுங்கள், அதில் 32 எம்பி முழுதாக இருக்கிறது, கூலரும் பெட்டிக்குள்ளேயே வரும். எடிட்டிங்தான் பிரதானம் என்றால் 12 கோர் 5900எக்ஸ் உண்டு. ஆனால் அது 105 வாட். மலிவான பி450 போர்டின் மின்சுற்று அதற்கு மூச்சு வாங்கும். 5700எக்ஸ் உங்கள் 3600 மாதிரியே 65 வாட், எஸ்எம்பிஎஸ்ஸைத் தொட வேண்டியதில்லை. ஆனால் பெட்டியில் கூலர் வராது. 3600-உடன் வந்த சின்னக் கூலரும் ஏசி இல்லாத அறையில் மே மாத ரெண்டரைத் தாங்காது. 120 மிமீ டவர் கூலர் ஒன்றைச் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

ரேமில் இன்னும் ஒன்று பார்க்கணும். டாஸ்க் மேனேஜரில் வேகம் 2133 அல்லது 2666 என்று காட்டினால் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பு) அணைந்திருக்கலாம். பயாஸில் அதைப் போட்டு, ரேமின் மேல் எழுதியிருக்கும் வேகத்துக்கு (3200 அல்லது 3600 போல) ஏற்றிவிட்டு, கேமை இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். செலவில்லாத வேகம்.

மாற்றும் நாளில் வரிசை முக்கியம். பழைய 3600 போர்டில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும்; எந்தப் பதிப்பிலிருந்து 5700எக்ஸை ஏற்கும் என்பது போர்டு நிறுவனத்தின் ஆதரவுப் பட்டியலில் இருக்கும். யுபிஎஸ் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். அதற்கும் முன்னால் பிட்லாக்கர் (விண்டோஸின் டிரைவ் பூட்டு) போட்டிருக்கிறீர்களா என்று பார்த்து நிறுத்திவையுங்கள், மீட்புச் சாவியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதிய பிராசஸர் போட்டதும் எஃப்டிபிஎம் (பிட்லாக்கர் சாவியைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி, சுருக்கமாக டிபிஎம்) மாறிவிட்டது, அழிக்கட்டுமா என்று திரையில் கேட்கும். சாவி இல்லாமல் சம்மதித்தால் டிரைவில் இருக்கும் கல்யாணங்கள் பூட்டிக்கொள்ளும். பயாஸ் புதுப்பித்ததும் எக்ஸ்எம்பி, டிபிஎம், செக்யூர் பூட் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கலாம். விண்டோஸ் 11-இல் டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் இல்லாமல் வேலரன்ட் திறக்காது.

கூலரைக் கழற்றும்போது நேராக மேலே இழுக்காதீர்கள். ஏஎம்4-இல் பின்கள் பிராசஸரில் இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டு பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வரும், பின்கள் வளையும். கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஏதாவது கேம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, மின்சாரத்தை நிறுத்தி, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகி, அது தளர்ந்த பிறகு தூக்குங்கள். 3600 நல்ல நிலையில் கையில் வந்தால் அதை விற்று கூலர் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டலாம்.